அது அண்ணியின் கை இல்லை

சிறைச்சாலைச் சண்டைப் படம் என்றால் எனக்கு உயிர். ஒரு பொம்பளை இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ்ஸில், டிரைவர் தலைக்கு மேலே தொங்கும் டீவியில்தான் நான் சினிமா பார்க்கக் கற்றுக்கொண்டேன். வளைவுக்கு வளைவு பக்கத்து சீட்டுக்காரர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார், நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரிய இரும்புக் கதவு திறக்கும். செய்யாத குற்றத்துக்காகக் கதாநாயகன் உள்ளே வருவான். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் வேண்டுமென்றே காலை நீட்டுவான். அதற்குப் பிறகு தட்டுகள் பறக்கும்.

அந்தச் சிறையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவன் கட்டாயம் இருப்பான். ஒல்லியாக, கையில் தேத்தண்ணிக் கேத்தலோடு. தோட்டத்துப் பேச்சு என்று யாரோ சொல்லிக்கொடுத்த எதையோ இழுத்து இழுத்துப் பேசுவான். கதாநாயகனைக் கண்டதும் பல்லைக் காட்டுவான், ஒளித்து வைத்த பீடியைக் கொண்டுவந்து கொடுப்பான். இவன் இடைவேளைக்குள் செத்துவிடுவான் என்பது பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். இவன் செத்தால்தானே கதாநாயகனுக்குக் கோபம் வரும்? எங்கள் ஆளுக்கே கோபம் வந்ததை நான் ஒரு படத்திலும் பார்த்ததில்லை.

பல வருடங்கள் இது எனக்கு வெறும் எரிச்சலாகத்தான் இருந்தது. எங்கள் தோட்டத்துப் பெண்களே அப்படி ஒரு படத்தில் நடித்து, அதில் என் அண்ணியை என்ன செய்தார்கள் என்று பார்த்த பிறகுதான் எரிச்சல் கோபமாகியது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை.

அண்ணி என் சொந்த அண்ணனின் மனைவி. கொழுந்து பறிக்கிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கமாட்டார். படக்காரர்கள் வருவதற்கு முந்திய வருடம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு சம்பவம் நடந்தது. ஒரு வயதான அம்மாவின் கூடையில் முற்றல் இலை கலந்திருக்கிறது என்று சின்னத்தொரை, அதாவது உதவி மேனேஜர், அந்தக் கூடையை எட்டி உதைத்துவிட்டார். காலையிலிருந்து பறித்த கொழுந்து முழுவதும் சேற்றில் கொட்டியது. அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்ததும் கையையும் ஓங்கினார். அண்ணி நடுவில் போய் நின்றார். கையைக் கீழே இறக்கச் சொன்னார். கொட்டியவரே அள்ளிப் போடவேண்டும் என்றார். சொல்லிவிட்டுத் தன் கூடையை இறக்கி வைத்துத் தரையில் உட்கார்ந்தார். நிறுக்க வந்த பெண்கள் எல்லாரும் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

எங்கள் சண்டை அப்படித்தான். இறக்குவோம், உட்காருவோம், எழும்பமாட்டோம். யாராவது ஒருவர் மேல் கை ஓங்கப்பட்டால் மற்றவர்களின் முழங்கால் தானாகவே மடங்கும். பயத்தால் மடங்குகிறது என்று நினைப்பவர்கள் எங்களை ஒரு நாளும் பார்த்ததில்லை.

சின்னத்தொரை தன்னைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு தாக்கியதாகப் புகார் கொடுத்தார். பொலிஸ் வந்தது. அண்ணியை விளக்கமறியல் சிறையில் போட்டார்கள். பிணையில் வெளியே வந்தபோது, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஆரத்தி எடுத்தார்கள். ஆரத்தித் தண்ணீர் காய்வதற்குள் ‘ஜெயில்காரி’ என்ற பெயரும் வந்துவிட்டது. வைத்தவர்களில் பாதிப்பேர் அன்றைக்குத் தரையில் உட்கார்ந்தவர்களின் வீட்டு ஆட்கள்தான்.

அண்ணிக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. மகள்தான் அவருக்குப் பெரிய விஷயம். என் மருமகள் ஹட்டனில் உயர்தர வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் யாரோ, “ஒங்கம்மா உள்ள என்னா சாப்பிட்டாங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்து அவள் கூட்டாளிகளோடு பஸ் ஏறுவதில்லை, அவர்களை வீட்டுக்குக் கூட்டிவருவதும் இல்லை. தாயிடம் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணியாலும் சொல்லமுடியாது. வழக்கு நடக்கிறது, வாயைத் திறக்காதே என்று அண்ணன் கட்டளை போட்டிருந்தார். லயத்தில் எங்கள் வீடுகளான காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும். ஆகையால் அந்த வீட்டில் எல்லாரும் குசுகுசுவென்று பேசினார்கள், அந்த விஷயத்தை மட்டும் குசுகுசுவென்றுகூடப் பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்துத் தோட்டத்தில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையைப் பெண்கள் சிறைச்சாலையாக மாற்றினார்கள். பெண் கைதிகளின் சண்டைப் படம். கொழும்பிலிருந்து வந்த டைரக்டர் இளைஞர், நல்ல மரியாதை. நான் மஸ்கெலியா பஜாரில் போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறேன், சிங்களம் சரளமாக வரும். ஆகையால் என்னை மொழிபெயர்ப்புக்குக் கூப்பிட்டார்கள். சிறைச் சண்டைப் படம் எடுப்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறதே என்று நான் பறந்துகொண்டு போனேன். எங்கள் தோட்டத்துப் பெண்களைக் கைதிகளாக நிற்கக் கூப்பிட்டார்கள். அண்ணியும் வந்தார்.

இந்தப் படத்தில் நாட்டில் இருக்கிற எல்லாரும் இருக்கிறார்கள் என்று டைரக்டர் பெருமையாகச் சொன்னார். உண்மைதான், இருந்தார்கள். கொழும்புச் சேரிப்புறத்து ரவுடிப் பெண், உடம்பெல்லாம் பச்சை குத்தியவள். வடக்கிலிருந்து ஒரு பெண், வாயே திறக்கமாட்டாள், கத்தி பிடிக்கத் தெரியும். கடத்தல் செய்த முஸ்லிம் பெண் ஒருத்தி, போதைத் தூளோடு பிடிபட்ட வெள்ளைக்காரி ஒருத்தி. எல்லாருக்கும் ஒரு கோஷ்டி, ஒரு பெயர், அடிக்கிற விதம் என்று ஒன்று. அவர்களைக் காட்டிய விதமும் அநியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு முஷ்டியாவது கொடுத்திருந்தார்கள். எங்கள் பெண்களுக்குப் பெயர் இல்லை, கோஷ்டி இல்லை. துணி துவைக்கவேண்டும், தேத்தண்ணி ஊற்றவேண்டும், அடி விழுந்தால் ஒதுங்கி நின்று அழவேண்டும். கெட்டவளாகக் காட்டுவதற்குக்கூட நாங்கள் லாயக்கில்லை போலிருக்கிறது. மேக்கப் போடுகிற பெண் எங்கள் பெண்களின் முகத்தில் மேலும் கரியைப் பூசினாள். இருக்கிற கறுப்பு கமராவுக்குப் போதாதாம்.

முதல் நாள், ஜெயிலர் வேடம் போட்ட நடிகர் சப்பாத்தும் தொப்பியும் கையில் ஒரு கம்புமாக வந்தார். வரிசையில் நிற்கச் சொல்லும்படி டைரக்டர் என்னிடம் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் நின்றுவிட்டார்கள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எப்படி நிற்பார்களோ அப்படியே, வயதானவர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். டைரக்டருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். “இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவே தேவையில்லை, கைதி வேடம் ரத்தத்திலேயே இருக்கிறது” என்று சிங்களத்தில் சொன்னார்.

“என்னா சொல்றாரு?” என்று அண்ணி கேட்டார்.

“நல்லா நிக்கிறீங்களாம்.”

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. மேற்கொண்டு கேட்கவுமில்லை.

கலவரக் காட்சி எடுத்தபோதுதான் எங்கள் பெண்கள் முதல் தடவை முரண்டு பிடித்தார்கள். சோற்றுத் தட்டை எல்லாரும் தூக்கி எறியவேண்டும் என்றார் ஸ்டண்ட் மாஸ்டர். ஒருவரும் எறியவில்லை. அவர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். “சோத்த எறிய மாட்டோம், வேற எதையாச்சும் குடுங்க” என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றார்கள். கடைசியில் எங்கிருந்தோ மரத்தூள் கொண்டுவந்து தட்டில் போட்டார்கள். மரத்தூளை எங்கள் பெண்கள் எறிந்த வேகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டண்ட் மாஸ்டரே கொஞ்சம் பின்னால் போனார்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு டைரக்டரிடம் போனார்.

“தம்பி, எல்லாரும் அடிக்கிறாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?”

நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. தான் உண்மையாகவே உள்ளே இருந்தவள் என்றார், ஏன் இருந்தேன் என்றும் சொன்னார். சின்னத்தொரை, கூடை, தரையில் உட்கார்ந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவர் சொல்ல, நான் வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னேன். கடைசியில், “என் புள்ள என்னையப் பாக்கவே வெக்கப்படுது. நான் எப்படி நின்னேன்னு அது ஒரு தடவ கண்ணால பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்” என்றார்.

டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கலங்கிய கண்ணோடு அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கட்டாயம் அந்தக் காட்சியை எடுப்போம் என்றார். ஜெயிலர் ஒரு வயதான கைதியின் தட்டை உதைப்பார், நீங்கள் எழுந்து பேசவேண்டும், மனதிலிருந்து பேசுங்கள், என்ன வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்.

மறுநாள் எடுத்தார்கள். உள்ளே போகும்போது எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம், ஆகையால் எங்களிடம் அதன் போட்டோவோ வீடியோவோ ஒன்றும் இல்லை. ஜெயிலர் வந்தார், தட்டை உதைத்தார், கம்பை ஓங்கினார். அண்ணி எழுந்து நடுவில் போய் நின்றார். நடிக்கவில்லை. அன்றைக்குச் சின்னத்தொரையிடம் சொன்னதை அப்படியே, அதே நிதானத்தில் சொன்னார். சொல்லி முடித்து உட்கார்ந்தார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்தக் கூடத்தில் இருந்த எங்கள் பெண்கள் எல்லாரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஓடி மூலையில் ஒதுங்கி அழவேண்டும் என்றுதான் காலையில் சொல்லிக்கொடுத்திருந்தது.

ஜெயிலர் நடிகருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அண்ணி தட்டைக் காட்டியதும் அந்த மனுஷன் குனிந்தேவிட்டார். கீழே கொட்டியதை அள்ளக் கை நீட்டிவிட்டார். பாதியில் ஞாபகம் வந்து டைரக்டரைப் பார்த்தார். எல்லாரும் கைதட்டினார்கள். இத்தனை வருடம் பஸ்ஸில் பார்த்த படங்களில் நான் பார்க்கக் காத்திருந்த சண்டை இதுதான் என்று நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்துப் படம் போனில் பார்க்கிற மாதிரி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போனை டீவியில் இணைத்து அண்ணன் வீட்டில் எல்லாரும் பார்த்தோம். நடித்த பெண்கள் பாயில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றார். மகள் படிக்கிற புத்தகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் கண் டீவியில் இல்லை, அவள் மேலேயே இருந்தது.

காட்சி வந்தது. ஜெயிலர் தட்டை உதைத்தார். அண்ணி எழுந்தார். வாய் அசைந்தது. வேறு யாரோ ஒருத்தியின் குரல் வந்தது.

“ஐயோ சாமி, தொர சாமி, நாங்க ஒண்ணுந் தெரியாத சனங்க, அடிக்காதீங்க சாமி.”

மூக்கால் அழுகிற குரல். சிரிப்பு மூட்டுவதற்காக இழுத்த இழுப்பு. எங்கள் வீட்டில் எவரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்து, கும்பிடுகிற இரண்டு கைகளைக் கிட்டத்தில் காட்டினார்கள். பிறகு எங்கள் பெண்கள் உட்காருவதைக் காட்டினார்கள். அந்தக் குரலுக்கும் அந்தக் கைகளுக்கும் பிறகு பார்த்தால், காலில் விழுகிற மாதிரித்தான் இருந்தது. ஜெயிலர் நடிகர் கொட்டியதை அள்ளக் குனிந்தாரே, அதைக்கூட விடவில்லை. அந்தக் குனிவுக்குப் பிறகு ஒரு கொண்டையைப் பிடித்து இழுக்கும் படத்தை ஒட்டி, அண்ணியின் தலைமயிரைப் பிடிக்கவே அவர் குனிந்ததாக ஆக்கியிருந்தார்கள். அந்த நேரம் கதாநாயகி கதவை உடைத்துக்கொண்டு வந்தாள். எங்களுக்காக மெதுவாகப் பறந்து பறந்து அடித்தாள். படத்தில் எங்கள் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் அண்ணியைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்தேன்.

“ஏம்மா கும்பிட்ட?” என்று மருமகள் கேட்டாள்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாயைப் பற்றி இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தது சரிதான் என்பது போலக் கேட்டாள்.

“நான் கும்பிடல” என்றார் அண்ணி.

பாயில் இருந்த பெண்களில் ஒருவர் எழுந்து என் கையிலிருந்த போனை வாங்கிப் படத்தைப் பின்னால் தள்ளினார். கும்பிடுகிற கைகள் திரும்ப வந்ததும் நிறுத்தினார்.

“இங்க பாரு புள்ள. இது ஒங்கம்மா கையா? இந்த வெரல்ல கற எங்க இருக்கு?”

பார்த்தோம். வழவழவென்று வெள்ளை விரல்கள். நகத்தின் ஓரத்தில் சுரண்டியும் போகாத சிவப்புச் சாயம் கொஞ்சம். கொழுந்து பறிக்கிற பெண்ணின் விரலில் ஏறிய கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்தக் கறையோடுதான் போவோம், அந்தக் கறையோடுதான் அண்ணி நடிக்கப் போனார். முகத்துக்குக் கரி பூச ஞாபகம் இருந்தவர்களுக்கு இது கண்ணில் படவில்லை. அண்ணி கும்பிட மறுத்ததால், கும்பிடுவதற்கு வேறு எவளையோ பிடித்திருக்கிறார்கள்.

மருமகள் போனை வாங்கி முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்ப அம்மா பேசுனது எங்க அத்த?”

அந்த இடத்திலேயே டைரக்டருக்குப் போன் எடுத்தேன். உடனே பேசினார், ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். அழுகிற காட்சி எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறோம், இன்னும் நிறையப் பெண்கள் வேண்டும் என்றார். எல்லாச் சமூகத்தையும் காட்டியதற்காகப் பாராட்டுகிறார்கள் என்றும் சொன்னார். நான் சத்தம் போடாமல், அடக்கிக்கொண்டு கேட்டேன். அன்றைக்கு அண்ணி பேசிய குரலை எங்களுக்கு அனுப்புங்கள். படத்தில் போடாவிட்டால் பரவாயில்லை, அவருடைய மகள் கேட்கவேண்டும்.

“அது இல்லையே அக்கா” என்றார். “அன்றைக்கு அந்தக் காட்சிக்கு மைக் வைக்கவில்லை. எப்படியும் வேறு குரல்தானே போடப்போகிறோம்.”

மனதிலிருந்து பேசுங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்ன ஆள். கண் கலங்கிய ஆள். பேசச் சொல்லும்போதே, கேட்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பல பேர் வெறுப்போடு எங்களை அவமானப்படுத்தியிருக்கிறார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியும். பாசத்தோடு அவமானப்படுத்துகிறவர்களை என்ன செய்வது? எனக்குத் தெரிந்த சிங்களக் கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவற்றில் ஒன்றுக்காகவும் நான் வருத்தப்படவில்லை.

“என்னா சொன்னாரு?” என்றார் அண்ணி.

இந்த முறை நான் மாற்றிச் சொல்லவில்லை. மைக் வைக்கவில்லையாம் என்றேன். அண்ணி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

மருமகள் கட்டிலிலிருந்து இறங்கினாள். டீவியை நிறுத்தினாள்.

“அப்ப நீ சொல்லு. அன்னைக்கு என்னா சொன்ன?”

அண்ணன் உடனே எழுந்தார். “ஏய், பேச்ச விடு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், கேஸ் நடக்குது” என்றபடி கதவைச் சாத்தப் போனார். அண்ணி அவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வழக்கமான குசுகுசுக் குரலில், பாதி விழுங்கி விழுங்கி ஆரம்பித்தார்.

“கேக்கல” என்றாள் மகள். “சத்தமாச் சொல்லும்மா.”

அண்ணி நிமிர்ந்து நின்றார். சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக அடுத்த காம்பராவுக்கும், அதற்கு அடுத்த காம்பராவுக்கும், லயத்தின் கடைசி வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“கையக் கீழ எறக்குங்க. அந்தம்மாவுக்கு ஒங்க அம்மா வயசு. நாங்க கொழுந்து பறிக்க வந்தவங்க, அடி வாங்க வந்தவங்க இல்ல. கூடையக் கொட்டுனது நீங்க, நீங்களே அள்ளிப் போடுங்க. அது வரைக்கும் இந்த மலையில ஒரு கொழுந்து கிள்ள மாட்டோம்.”

அண்ணன் கதவில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அதைச் சாத்தவில்லை.